உயிருள்ள கல்

வங்காள விரிகுடாவின் கிழக்கோரத்தில், பர்மாவின் தென்மேற்கு மூலையிலிருந்து சுமத்திராவின் வடமுனையை நோக்கி வரிசையாக நீண்டு கிடக்கும் அந்தமான் தீவுகள் உண்மையில் சமுத்திரத்தில் மூழ்கிப்போன ஒரு மலைத்தொடரின் சிகரங்களே என்று பூகோள நூல்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனால் அந்த மலையின் சரிவுகளில், அலைமட்டத்துக்கு இரண்டு பாகம் கீழே, மனிதர் சமைத்த எந்த நகரத்தையும்விட நெருக்கமாக ஜீவராசிகள் குடியிருக்கும் ஓர் உலகம் இருக்கிறது என்பதை நானும் என் மனைவியும் பிரத்தியட்சமாகக் கண்டது 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்தான்.

அந்தப் பிரயாணத்துக்குக் காரணம் அவளே. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவள் அவள். அவள் வீட்டார் கடல்தொழில் செய்பவர்கள் அல்லர். ஆயினும் திண்ணையில் உட்கார்ந்தால் கடல் தெரியும். அந்தக் கரையோரத்துப் பெண்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தீவுகளைச் சூழ்ந்த ஆழமில்லாத கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். பை நிறையப் பாசியோடு அவர்கள் கரையேறும்போது, சிறுமியாயிருந்த அவள் எதிரே ஓடிப்போய், "உள்ளே என்னக்கா இருக்கு?" என்று கேட்பாளாம். "பாரு இருக்கு, மீனு இருக்கு, வேற என்ன இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாசியைக் காயப்போடப் போய்விடுவார்களாம். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கல்யாணம், என் உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல், குழந்தைகளின் படிப்பு, பெரியவர்களின் பிணி என்று வருஷங்கள் கழிந்து, அதுவரை கோயில்களுக்கும் உறவினர் கல்யாணங்களுக்கும் மட்டுமே சேர்ந்து பிரயாணம் செய்திருந்த நாங்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருவருக்காக மட்டும் ஓரிடத்துக்குப் போய்வரலாம் என்று யோசித்தபோது, எங்கே போகலாம் என்று கேட்டேன். "கடலுக்குள்ளே என்ன இருக்குன்னு ஒரு தடவை பாக்கணுங்க" என்றாள். அதற்கு மேல் ஆலோசனைக்கு இடமிருக்கவில்லை.

சென்னையிலிருந்து, அன்று போர்ட் பிளேர் என்று வழங்கிய நகரம் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பர்மாவுக்கு அண்டையில் கிடக்கும் தீவுகள் நம்முடைய கடிகாரத்தையே பின்பற்றுவதால், மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்து, ஆறு மணிக்கு நடுநிசி போல் இருட்டிவிடுகிறது. அபர்டீன் கடைவீதியில் தமிழ் சர்வசாதாரணமாகக் காதில் விழுந்தது; இட்டலிக் கடைக்காரர் எங்களை எந்த ஊர் என்று விசாரித்து, என் மனைவியின் ஊரைச் சொன்னதும் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையையும் பார்த்தோம். ஏழு கிளைகளில் இப்போது மூன்றே எஞ்சியிருக்கின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவொண்ணாதபடி, ஒரு கிளையின் அறைவாசல்கள் அடுத்த கிளையின் முதுகையே நோக்கும்படி கட்டிய அந்தக் கட்டடத்தில், எந்தத் தாழ்வாரத்தில் நின்றாலும் கடல் எவ்வளவு நீலமாயிருக்கிறது என்பதே துக்கத்தை அதிகமாக்கிற்று. அதைப்பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அங்கிருந்து கப்பலேறி நாங்கள் போன இரண்டு தீவுகளுக்கும் அப்போது 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயத் தளபதிகளின் பெயர்களே வழங்கின: ஹேவ்லாக், நீல். இவர்களில் நீல் என்பவர் சென்னைப் படையைச் சேர்ந்தவர். மவுண்ட் ரோடில் நின்ற அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927-இல் நம்மவர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை அதை எடுத்து அருங்காட்சியகத்துக்குள் வைத்தது. சிலை நீங்கி எண்பது ஆண்டுகளான பின்னும் தீவின்மேல் பெயர் இருந்ததை நினைத்து அன்று எனக்கு வருத்தம் உண்டாயிற்று. 2018 டிசம்பரில் அவ்விரு தீவுகளுக்கும் முறையே ஸ்வராஜ், ஷஹீத் என்று பெயர் மாற்றியது சரியான காரியம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் நாங்கள் கண்ட தீவை நாங்கள் அறிந்த பெயராலேயே சொல்கிறேன்.

ஹேவ்லாக்கில் ராதாநகர்க் கடற்கரையின் சௌந்தர்யத்தை உலகம் அறியும். நெடுமரங்கள் மணல்வரை இறங்கி வந்து நிற்க, அவற்றின் நிழலிலிருந்து இரண்டே எட்டில் வெயிலுக்கும் நீருக்கும் போய்விடலாம். மரம் இழுக்கும் வேலைக்காகக் கொண்டுவரப்பட்டு, தீவுக்குத் தீவு நீந்திப் பழகிய யானைகளுள் கடைசியாக அங்கே எஞ்சியிருந்த ராஜன், நாங்கள் போவதற்கு முந்திய வருஷம்தான் காலமாகியிருந்தது. அந்தப் பெரிய சரீரம் தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சிழுத்துக்கொண்டு, நான்கு கால்களாலும் நீரைத் துழாவிச் சென்றதை ஊரார் எங்களுக்கு வர்ணித்தார்கள். அந்த வர்ணனையைக் கேட்டபின்தான், வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு நீர்மேல் கிடப்பது நம்மாலும் ஆகக்கூடிய காரியமே என்று என் மனைவிக்குத் தைரியம் பிறந்தது. ஆனால் அதற்காக நாங்கள் போன எலிஃபண்ட் கடற்கரையில் கூட்டம் மிகுதி. ஆளுக்கொரு ரப்பர் வளையத்தைக் கொடுத்து, அதைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நீருக்கடியில் புகைப்படம் எடுத்துக் கரையில் விட்டுவிடுகிறார்கள். கண் பழகுவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. ஆகவே, பார்க்க வேண்டிய இடங்கள் என்று கொடுத்த பட்டியலை மடித்து வைத்துவிட்டு, மிஞ்சிய நாட்களை எல்லாம் நீல் தீவிலேயே கழிப்பது என்று தீர்மானித்தோம்.

நீல் சிறிய தீவு. தேசப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தவர்களைக் குடியேற்றிய பூமி. சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என்று ராமாயணத்து மாந்தரின் பெயர்களால் ஊர்கள். நெல்வயலும் காய்கறித் தோட்டமும் தென்னந்தோப்புமாய்ச் செழித்திருக்கும் அங்கிருந்துதான் போர்ட் பிளேருக்குக் கறிகாய் போகிறது. எங்களைக் கடலில் இறக்கிய பையன் அத்தகைய ஒரு குடும்பத்தின் பேரன். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசிய அவன், என் மனைவிக்கு நீச்சல் தெரியாது என்று கேட்டுச் சிறிதும் கவலைப்படவில்லை. மிதவைச் சட்டையை மாட்டி, இடுப்பளவு நீரில் நிறுத்தி, முகத்தை நீரில் ஆழ்த்தி மூச்சுவிடுவதை மட்டும் காலை முழுவதும் பழக்கினான். மூக்கைக் கண்ணாடி மூடிவிடுவதால் வாயாலேயே சுவாசிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நெஞ்சு அடைப்பது போலிருக்கும். நீளமாக இழுத்து, அதைவிட நீளமாக விட்டால் உடல் தானாக மிதக்கும். பிராணாயாமம் பழகிய எனக்கு இது எளிதாகும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அவளே முதலில் வசப்படுத்திக்கொண்டாள். பொழுது உச்சிக்கு வருமுன் அவள் ஒரு கையைப் பையனிடமும் மறு கையை என்னிடமும் கொடுத்துவிட்டு, ஆழத்தை நோக்கிப் போகலாம் என்று தலையசைத்தாள்.

நீருக்குள் முதலில் வந்தது காட்சி அல்ல, சத்தம். மேலே நிசப்தமாய்க் கிடந்த கடல் கீழே வாணலியில் கடுகு வெடிப்பது போல் இடைவிடாமல் பொரிந்துகொண்டிருந்தது. நகத்தைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிறு இறால்களே அந்தச் சத்தத்துக்குக் காரணம் என்று பிறகு அறிந்தோம். மணல்தரை மெல்லச் சரிந்து, கடற்புல் விலகி, திடீரென்று பார் எனப்படும் பவளத்திட்டு தொடங்கியது. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே காற்று இருப்பதால் நீருக்குள் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலுமே தெரியும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு மீனும் முகத்தின்மேல் வந்து முட்டிவிடுமோ என்று தோன்றிற்று. மஞ்சளும் கருமையுமாய் வரிபோட்ட வண்ணாத்தி மீன்கள், பச்சையும் நீலமும் குழைத்த கிளிமீன்கள், பாறை இடுக்கில் உதடு திறந்து ஊதாநிறத் தசையைக் காட்டிக் கிடந்த பெருஞ்சிப்பி, கருமுள் விரித்த கடல்முள்ளி, அசைவின்றி மணலில் நீண்டிருந்த கடலட்டை. வெயில் அலையின் மடிப்புகளில் முறிந்து, ஒளிவலையாகக் கீழே விழுந்து, இவை எல்லாவற்றின்மேலும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் என் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். மூச்சு முட்டிற்றோ என்று பதறி நானும் தலையைத் தூக்கினேன். குழாயை வாயிலிருந்து எடுத்தவள், "எங்க வீட்டுச் சுவருங்க! இது எங்க வீட்டுச் சுவரு!" என்றாள்.

கீழே ஆள் உயரத்துக்கு உருண்டு திரண்டு நின்றது ஒரு பவளப்பாறை. மேற்பரப்பெல்லாம் வரப்பும் வாய்க்காலுமாய் நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள். ராமநாதபுரத்துக் கரையோரத்தில் பழைய வீடுகளின் சுவர்களும் கிணற்று உறைகளும் மதில்களும் கடலிலிருந்து வெட்டியெடுத்த இத்தகைய கற்களால் கட்டப்பட்டவை. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் மாதாகோயிலின் சுவரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அவள் பிறந்த வீட்டின் பின்கட்டில், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில், அந்த நெளிகோடுகள் தெரியுமாம். சுட்டுவிரலால் ஒரு வாய்க்காலில் தொடங்கி, விரலை எடுக்காமல் எதுவரை போகலாம் என்று பார்ப்பது சிறுவயதில் அவளுடைய விளையாட்டு. கல்லாகவே பிறந்தது என்று அவள் எண்ணியிருந்த ஒன்று, இங்கே பழுப்பும் பச்சையுமாய் உயிரோடு நின்றது. பாசி எடுத்த பெண்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான்.

அன்றுமுதல் நாங்கள் வேறெங்கும் போகவில்லை. ஏற்றமும் வற்றமும் பார்த்துப் பையன் சொல்லும் நேரத்தில், தினமும் அந்த ஒரு பாறைக்கே போய் அதன் மேலே மிதந்துகொண்டிருந்தோம். பல இடங்களை ஒருமுறை பார்ப்பதைவிட ஓரிடத்தைப் பலமுறை பார்ப்பதே பார்வை என்று நான் திடமாகச் சொல்வேன். முதல் நாள் வர்ணங்களாய் மட்டும் தெரிந்தவை, அடுத்தடுத்த நாட்களில் இன்னார் இன்னார் என்று அறிமுகமாயின. கடற்சாமந்தியின் நஞ்சுள்ள கொடுக்குகளுக்கிடையே அச்சமின்றிக் குடியிருந்த கோமாளி மீன்களில் பெரியதே பெண். பிறக்கும்போது அவை எல்லாம் ஆண். குடும்பத் தலைவி இறந்துவிட்டால், அவளுடைய கணவனே பெண்ணாக மாறி வீட்டை நடத்தும். வண்ணாத்தி மீன்களோ இணையாகவே மேயும். ஒன்று பாறைக்குப் பின்னால் மறைந்தால் மற்றது மேலே எழுந்து தேடும். கண்டதும் இரண்டும் ஒரே திசையில் திரும்பும். அவற்றைக் காட்டி என் மனைவி என் விரலை அழுத்துவாள். வாயில் குழாய் இருக்கையில் சம்பாஷணை சாத்தியமில்லை. விரலை அழுத்துவதும் சுட்டுவதுமாகவே அந்தக் காலைவேளைகள் கழிந்தன. நாற்பது வருஷ சம்சாரத்தில் அவ்வளவு நேரம் ஒரே பொருளை இருவரும் சேர்ந்து பார்த்ததில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. கிளிமீன் பாறையைக் கடித்துச் சுரண்டும் ஓசையை நீருக்குள் தெளிவாகக் கேட்கலாம். கல்லை அரைத்து, அதிலுள்ள பாசியை உண்டு, மிச்சத்தை வெண்மணலாய்க் கழித்துவிடுகிறது அது. நாங்கள் மாலையில் உட்கார்ந்திருந்த கரையின் மணலில் பெரும்பகுதி அவ்விதம் உண்டானதே.

பவளம் என்பது என்ன என்பதை இரவுகளில் அவளுக்குப் படித்துச் சொன்னேன். அரிசியளவே இருக்கும் எண்ணிறந்த பிராணிகள், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து, தம் காலடியில் தாமே கட்டிக்கொள்ளும் வீடு அது. அந்தப் பிராணியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, சூரிய வெளிச்சத்தில் ஆகாரம் சமைத்து வீட்டுக்காரனுக்கும் ஊட்டுகிறது. பாறையின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியின் நிறமே. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அப்படியானால் ஆள் உயரம் நின்ற எங்கள் பாறை, செல்லுலார் சிறைக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு வெகுகாலம் முன்பே, அந்தத் தீவுக்கு நீல் என்ற பெயர் வருவதற்கும் முன்பே, அங்கே வேர்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாறையைச் சுற்றிலும் இருந்தவை எல்லாம் அப்படி இல்லை. சில பாகம் தள்ளிப்போனால், முறிந்த எலும்புகளைக் கொட்டிவைத்தது போன்ற மேடுகள். ஒருகாலத்தில் மான்கொம்பாய்க் கிளைத்திருந்த பவளங்கள், சாம்பல்நிறப் பாசி போர்த்துக் கிடந்தன. கடல் வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி கூடுதலாகிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும், உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேற்றப்பட்டு, பவளம் வெளுத்துப் பட்டினியாகிறது; சூடு தணியத் தாமதமானால் மடிகிறது. அந்தமானில் 2010 கோடையில் இது கடுமையாக நேர்ந்தது. 2016-இல் உலகமெங்கும் நேர்ந்தபோது இங்கும் நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தீவுக்கூட்டத்தின் தெற்கு தாழ்ந்து வடக்கு உயர்ந்தபோது, வடக்கே பவளத்திட்டுகள் அலைமட்டத்துக்கு மேலே தூக்கப்பட்டு, காற்றில் காய்ந்து செத்தன. பூமி அசைவதை யாரும் தடுக்க முடியாது. சூடேறுவதில் மனிதருக்குப் பங்கு உண்டு. எங்கள் கண்முன்னே, கண்ணாடியைச் சரிசெய்யக் கால் ஊன்ற இடம் தேடி உயிருள்ள பவளத்தின்மேலேயே ஏறி நின்றவர்களையும், மீன்கள் மொய்க்கட்டும் என்று பிஸ்கட்டைத் தூவியவர்களையும் கண்டோம். நூறு வருஷம் வளர்ந்த ஒன்றை ஒரு குதிகால் முறித்துவிடும் என்பதை இறங்குமுன் ஒவ்வொருவருக்கும் சொல்லாத படகைக் கடலில் இறக்கவே அனுமதிக்கலாகாது.

ஒரு மாலை அவள் தன் ஊரைப்பற்றி நெடுநேரம் பேசினாள். படகு படகாகப் பவளக்கல் வந்து இறங்கியது, சுண்ணாம்புக் காளவாய்களின் புகை, கல்லெடுத்துப் பிழைத்த குடும்பங்கள். அந்தக் கல்லெடுப்பினால் மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் நீருக்குள் முழுகிவிட்டன என்பதும், 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியதும், 2001-இல் பவளத்தை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்ததும் நான் அறிந்த செய்திகள். புகையின் மணமும் கல்லிறக்கும் கூலிக்காரர்களின் குரலும் அவள் அறிந்தவை. "எங்க தாத்தாவுக்கு அது கல்லுன்னுதாங்க தெரியும். கடலுக்குள்ளே தலையை விட்டுப் பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டாரு" என்றாள். அவளுடைய பாட்டனாரை நான் கண்டதில்லை. ஆனால் அவர் மகனை அறிந்தவன் என்ற முறையில் அது உண்மை என்றே நம்புகிறேன்.

திரும்புகையில் அவள் ஆசைப்பட்டபடி கப்பலில் வந்தோம். சென்னை வந்துசேர மூன்று நாள். அடுத்த படுக்கையில், ஒரு கல்யாணத்துக்காக மதுரை போய்க்கொண்டிருந்த போர்ட் பிளேர்த் தமிழ் அம்மாள் ஒருவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேயே குடியிருப்பவர். நாங்கள் பார்த்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க கடலைச் சுத்தியே இருக்கோம்மா. உள்ளே பாத்ததே இல்லை. நீச்சல் தெரியாம எப்படி இறங்குனீங்க?" என்றார். என் மனைவி படுக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூச்சை எப்படி இழுப்பது, எவ்வளவு நேரம் விடுவது, கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் என்ன செய்வது, காலை ஏன் எங்கும் ஊன்றக் கூடாது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு போகும், வனத்துறையின் அனுமதிச்சீட்டு முன்கூட்டி வாங்கவேண்டும், பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கல்யாணப் பத்திரிகையின் உறையில் எழுதிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன், அவர் மட்டும் என்ன, அவரும் பாக்கலையே" என்றார்.